காலை 7.30 மணியா, 8.30 மணியா?

பள்ளி தொடங்கும் நேரத்தை மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் மூன்றைப் பார்க்க வேண்டும்.

வெளிச்சமும் உறக்கமும்: 1982 சனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னகர்த்தப்பட்டதால், இங்கே 7 மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் கதிரவன் எழுகிறது, 7.30 மணிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருட்டிலேயே வேனுக்குக் காத்து நிற்கிறது. 8.30 என்றால் வெளிச்சத்தில் கிளம்பலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2014இல் 8.30 மணி அல்லது அதற்குப் பிந்திய நேரத்தையே பரிந்துரைத்தது. ஆனால் அது பதின்ம வயதினருக்கானது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பெற்றோர் வேலை: விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் பால்மர (ரப்பர் மர)த் தொழிலாளருக்கு 7.30 ஓரளவு ஒத்துவரும். 8.30 என்றால், கூடுதலாக ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பாட்டியாவது இருக்க வேண்டும்.

வீடு திரும்புதல்: முன்னதில் உச்சி வெயில், பின்னதில் பிற்பகல் இடிமழை.

ஆகவே தோட்டத் தொடக்கப்பள்ளிக்கு 7.30 மணியே ஏற்றது. இடைநிலைப்பள்ளிக்கு 8.30 நல்லது, ஆயினும் காலை, மாலை என இரு வேளை நடக்கும் பள்ளியில் மாலைப் பிரிவினர் இருட்டிய பிறகே வீடு சேர்வர் என்பதால், அங்கு இம்மாற்றம் வேண்டாம்.