மூன்று நாள் பட்டினியும் ஒரு பொட்டலம் வர்க்கியும்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒரு விரத முகாமுக்குப் போய்வந்தேன். பெயர் வேண்டாம். 3 இரவு, இருவருக்கு 28,000 ரூபாய். சாப்பாடே போடாத இடத்துக்கு இவ்வளவா என்று கேட்டதற்கு, "அக்கா, பேசாம வா" என்றாள் தங்கை. பணம் கட்டியது அவள் மகன்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கோவையில் கீமோ. சிவப்பு மருந்து 4 சுற்று ஏற்றியாயிற்று. அடுத்த மருந்தான பாக்லிடாக்சல், வாரம் ஒன்றாக 12 பாக்கி. எடை 5 கிலோ இறங்கியிருந்ததால், வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள், விரதமெல்லாம் இப்போது கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் தங்கைக்குத் துணை என்றுதான் கிளம்பினேன். அவளோ என்னையே விரதத்தில் உட்காரவைக்கத்தான் கூட்டிப்போனாள் என்பது நோட்டீஸைப் பார்த்ததும் புரிந்தது: 'ஆட்டோபேஜி: உடலே கேன்சரைத் தின்றுவிடும்.'

அறை சுத்தம். ஆளுக்கு இரண்டு கம்பளி. மூட்டம் விலகினால் ஜன்னலுக்குக் கீழே பள்ளத்தாக்கு. யோகா சொல்லித்தரும் பெண், நான் இடது கையை ஊன்றத் தயங்கியதைப் பார்த்து, கேட்காமலே அக்குளில் நெறி எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வேறு ஆசனம் கொடுத்தாள். இவ்வளவு கவனம் பதிவுப் படிவத்தில் இல்லை. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் கட்டம் உண்டு. கீமோவில் இருப்பவரா என்று கேட்க ஒரு வரி கிடையாது.

மாலையில் வகுப்பு. சுறுசுறுப்பான பையன், திரையில் யோஷினோரி ஓசுமி படம். ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு அவை தம்மைத் தாமே செரிப்பதைக் கண்டவர், 2016 இல் நோபல் வாங்கியவர் என்றான். சரிதான். 'ஆகவே நாமும் பட்டினி இருந்தால் உடம்பு கேன்சர் செல்லைத் தேடிப்போய்த் தின்னும்' என்றானே, அங்கேதான் 31 வருடம் விலங்கியல் நடத்திய எனக்கு உட்கார முடியவில்லை.

தம்பி, ஆட்டோபேஜி என்ற சொல்லுக்கே தன்னைத் தின்பது என்றுதானே பொருள் என்றேன். ஒரு செல் இன்னொரு செல்லைத் தின்பதல்ல அது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உடைந்து கிடப்பதைப் பையில் கட்டி, லைசோசோம் என்ற தன் செரிமான அறையில் போட்டுக் கரைத்து, வந்ததை வைத்துப் பிழைப்பது. ஊட்டியில் நாலு நாள் அடைமழை, விறகெல்லாம் ஈரம் என்றால், காலொடிந்த நாற்காலியை உடைத்துக் கணப்பில் போட்டு ராத்திரியைத் தள்ளுவோமே, அதுபோல. கேன்சர் செல்லுக்கும் அந்தக் கணப்பு உண்டு. கீமோ அடிக்கிற அடியில் உள்ளே சேதமாவதை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டே அது தாக்குப்பிடிக்கப் பார்க்கும். மருந்துக்குக் கட்டி மசியாமல் போகும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கட்டி உருவாகும் முன் இதே வேலைதான் காவல். பெக்லின் 1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வந்தன. சாகிற கேன்சர் செல் நோயெதிர்ப்புப் படைக்குச் சேதி அனுப்பவும் சில சமயம் ஆட்டோபேஜி வேண்டியிருக்கிறது. ஆனால் வேரூன்றிவிட்ட கட்டி என்றால் பல சமயம் கணக்குத் தலைகீழ். அதனால்தான் டாக்டர்கள் இதைத் தூண்டுவதோடு நிற்காமல், அடைத்தும் பார்க்கிறார்கள்.

எதை வைத்து அடைக்கிறார்கள் தெரியுமா? ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை. இதைக் கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம். நடுவட்டத்தில் கொயினா மரத்துக்குப் பட்டை உரித்தவர் அவர். மலேரியாவுக்கென்று 1860களில் வெள்ளைக்காரன் இந்த மலையில் வைத்த மரம். இந்த மாத்திரை அந்தப் பட்டையிலிருந்து வந்ததல்ல, ஆய்வுக்கூடத்தில் செய்தது. ஆனாலும் மலேரியா மருந்து என்ற வகையில் பங்காளி. லைசோசோமின் அமிலத்தை இது தணித்துவிடும். ஆட்டுக்கல்லில் அரிசியைப் போட்டபின் குழவியைத் தூக்கிக்கொண்டு போனமாதிரி, உள்ளே போன பை அரைபடாமல் கிடக்கும். முற்றிய கணையப் புற்றுநோய் உள்ள 112 பேரில் பாதிப் பேருக்குக் கீமோவோடு இதையும் கொடுத்துப் பார்த்து 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி சுருங்கியது 38 சதவீதம் பேருக்கு. கீமோ மட்டும் எடுத்தவர்களில் 21. ஆனால் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் மாத்திரை பலன் காட்டவில்லை. இவ்வளவு பாடுபட்டும் பிடிபடாத விஷயத்தைத்தான் நோட்டீஸில் ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். கீமோவை ஒட்டிய சிறு விரதத்தையும் மருத்துவமனைகளில் ஆராய்கிறார்கள்தான். அது எடையும் ரத்தமும் பார்த்துக்கொண்டே செய்வது, தேன் கலந்த வெந்நீரோடு அல்ல.

பையன் கோபப்படவில்லை. "மேடம், இதெல்லாம் சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்க" என்றான். ஜனங்கள் குழம்பட்டும் என்றேன். தங்கை என் முட்டியைக் கிள்ளினாள்.

ராத்திரி ஊட்டியிலிருந்து கொண்டுபோன வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு மருந்துக்கு அப்புறம் வாயில் எப்போதும் ஆணியைச் சப்பின ருசி. வர்க்கியின் அடிப்பாகத்து உப்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஏடு ஏடாக உதிர்ந்து கம்பளியெல்லாம் தூள். காலையில் கம்பளி உதற வந்த படுக அம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மதியம் எவர்சில்வர் டிபனில், வேலைக்காரர்களுக்கு வைத்த ராகிக் களியும் அவரைக் குழம்பும் என் அறை வாசலுக்கு வந்தது. பல நாளைக்கு அப்புறம் முழுதாகச் சாப்பிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அறைக்கும் யோகாவுக்கும் 5க்கு 4. வகுப்புக்கு 1, அதுவும் ஓசுமி படத்துக்காக. அந்த டிபனுக்கு 5. கீமோவில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். மற்றவர்கள் போனால், வெந்நீர் காலை 6 முதல் 7.30 வரைதான், ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை இரண்டாம் நாள் மாலையே வர்க்கி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை.