பதினேழு தோட்டா இருக்க, ஆறு எதற்கு? ஸ்மித் அண்ட் வெஸன் 686

செமி ஆட்டோ பிஸ்டலிலேயே சுட்டுப் பழகியவருக்கு ரிவால்வர் தேவையா என்று கேட்டால், ஒன்று கட்டாயம் வேண்டும் என்பேன். பைக்குள் அடங்கும் குட்டி ரிவால்வர் வேண்டாம். நாலு அங்குலக் குழல் உள்ள ஸ்மித் அண்ட் வெஸன் 686 மாதிரி முழு அளவுள்ளதை வாங்குங்கள். டெக்சாஸில் என் வீட்டுப் பெட்டகத்தில் பதினேழு தோட்டா கொள்ளும் கிளாக் 17 பிஸ்டலுக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் வந்த மாடல் இது. துருப்பிடிக்காத எஃகு, .357 மேக்னம் தோட்டா, எடை ஒரு கிலோவுக்கு மேல். இந்தக் கனத்தை நான் குறையாகவே நினைக்கவில்லை; மேக்னத்தின் உதையில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. .38 ஸ்பெஷல் தோட்டாவையும் இதிலேயே சுடலாம், அதன் கேஸ், அதாவது உலோகக் கூடு, சற்றுக் குட்டை, அவ்வளவுதான். ஆனால் .38 சுட்ட பிறகு, தோட்டாக்கள் உட்காரும் சுழல் சிலிண்டரின் அறைகளுக்குள் கரி வளையம் படியும். பிரஷ் போடாமல் விட்டால் .357 உள்ளே போகச் சண்டித்தனம் செய்யும்.

நான் இதை விடாமல் வைத்திருப்பது டிரிகருக்காக. கிளாக்கில் அதை இழுக்க ஐந்தரை பவுண்டு விசை, இழுக்கும் தூரமும் குறைவு. தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமரையும் டிரிகரே பின்னிழுக்கும் 686-இன் டபுள் ஆக்‌ஷனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹேமர் பின்னே போய், சிலிண்டர் சுழன்று, வெடிக்கும் வரை முன் சைட் ஆடாமல் நிற்க வேண்டும். கையால் ஹேமரை இழுத்து வைத்துச் சுட்டால் இலக்கில் ஓட்டைகள் நெருங்கி விழும், மனதுக்கும் சுகம். ஆனால் விரல் பழகுவது டபுள் ஆக்‌ஷனில்தான்.

இன்னொன்று செய்து பாருங்கள். சில அறைகளில் தோட்டா, மற்றவற்றில் காலி கேஸ் போட்டு, பார்க்காமல் சுழற்றி மூடிச் சுடுங்கள். காலி அறை வரும்போது குழல்முனை கீழே குத்தினால், வெடிக்கும் முன்பே கை மிரளுகிறது என்று அர்த்தம். கலந்து நிரப்பித் தரக் கூடவே ஆள் வேண்டாம், பிஸ்டல் மாதிரி மேல்பாகமான ஸ்லைடை இழுக்கும் வேலையும் இல்லை.

பிஸ்டல்காரர்கள் கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் அது ஆகவே ஆகாது! சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பீறிடும் சூடான வாயு விரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டு கட்டைவிரலையும் பின்னால் மடக்கிக்கொள்ளுங்கள்.

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்பதை நம்ப வேண்டாம். தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்தது வரும், உண்மைதான். ஆனால் காலி கேஸ்களை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் சேர்ந்தாலே சிலிண்டர் இறுகும். நிரப்புவதற்கும் நேரம் பிடிக்கும். ரிவால்வர் வித்தகர் ஜெர்ரி மிகுலெக் 1999-இல் ஆறு சுட்டு, நிரப்பி, மீண்டும் ஆறு சுட்டது 2.99 விநாடியில். நம்மால், ஆறையும் ஒரே தடவையில் நிரப்பும் ஸ்பீட்லோடர் வைத்துக்கூட அதன் அருகே போக முடியாது. அதனால் வீட்டுக் காவலுக்கு என் தேர்வு இன்றும் கிளாக்தான்.

பழையது வாங்கினால், காலி என்று உறுதிசெய்துகொண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஹேமரை மெதுவாகப் பின்னிழுங்கள். ஹேமர் பின்னால் நிற்கும்போது சிலிண்டரும் பூட்டியிருக்க வேண்டும். ஆறு அறைக்கும் இதைப் பாருங்கள். ஒன்றில் பிசகினாலும் வைத்துவிட்டு வாருங்கள்.