ஊர் வீட்டுப் பெரிய டிவி கலங்கலாகத் தெரிந்தால்

வெளிநாட்டிலிருந்து போனவர்கள் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த 40 இன்ச் டிவிகள்தான் இன்னும் பல வீட்டு ஹாலில் ஓடுகின்றன. "படம் கலங்கலாத் தெரியுதுப்பா, புதுசு வாங்கணும்போல" என்று பெரியவர்கள் சொன்னால், கடைக்குக் கிளம்பாமல் ரிமோட்டில் மெனுவை அழுத்திப் பாருங்கள். மெனு எழுத்து கூர்மையாக இருந்தால் பேனலில், அதாவது படம் காட்டும் திரைப் பகுதியில், பழுதில்லை. வருகிற சிக்னலில்தான் குறை. எழுத்தும் நிழல் விழுந்து இரட்டையாகத் தெரிந்தால்தான் மெக்கானிக்.

முதல் வகைதான் அதிகம். செட்டாப் பாக்ஸ் இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்டி, அதாவது சாதாரணத் தெளிவுச் சேனலுக்கு 720×576 புள்ளிகள். அதை 1920×1080 திரைக்கு இழுத்தால் முகமெல்லாம் கரையத்தான் செய்யும். எச்டிஎம்ஐ ஒயரை மட்டும் மாற்றினால் போதாது. பாக்ஸ் எச்டியாக இருக்க வேண்டும், அதன் செட்டிங்கில் அவுட்புட் 576-இலிருந்து 1080-க்கு மாற வேண்டும், மாதக் கட்டணச் சேனல் பேக்கில் எச்டி சேனல் சேர்ந்திருக்க வேண்டும். கேபிள்காரர் "எச்டி போட்டாச்சு சார்" என்று பாக்ஸை மட்டும் வைத்துவிட்டுப் போனால், அதே எஸ்டி சேனல்தான் எச்டி பாக்ஸில் ஓடும். அவர் இருக்கும்போதே சேனல் பெயரில் எச்டி வருகிறதா என்று பாருங்கள்.

டிவியிலும் இரண்டு இடம். திரை அளவு 'ஜூம்'-இல் இருந்தால் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' ஆக்குங்கள். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' உச்சத்தில் இருந்தால் தலைமுடியும் புல்லும் மெழுகியதுபோல் ஆகிவிடும், குறையுங்கள்.

மெனுவும் கலங்கினால் சந்தேகம் டி-கான் போர்டு மேல். மெயின் போர்டுக்கும் பேனலுக்கும் நடுவே இருக்கும் சின்ன போர்டு அது. நல்ல மெக்கானிக் முதலில் பட்டை ஒயரைக் கழற்றி, முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டிப் பார்ப்பார். கடலோர ஊரில் உப்புக்காற்றால் முனை கறுத்திருக்கும். பல நேரம் அதோடு சரியாகிவிடும். இல்லையென்றால் டி-கானுக்கு வரும் வோல்டேஜை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் சரியாக வந்தும் படம் இரட்டையாக இருந்தால் போர்டை மாற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் கழற்றிய போர்டுகள் கிடைக்கும். டிவி மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள்; ஒரே மாடலில் வேறு வேறு பேனல் வந்திருக்கும். பேனல் பின்பக்க ஸ்டிக்கர் எண்ணையும் டி-கான் மேல் அச்சான எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய மாடலுக்கு "பார்ட்ஸ் வர்றதில்லை, எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுங்க" என்பதுதான் வழக்கமான பதில். விசிட்டிங் சார்ஜ் தனி. தெருமுனை மெக்கானிக்தான் இந்த வேலைக்குச் சரி, ஆனால் டிவியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். போர்டை மட்டும் எடுத்துப் போகட்டும். பேனல் ஆட்டோவில் போனால் விரிசலோடு திரும்பும். பேனலே போயிருந்தால், அதை மாற்றும் காசுக்குப் புது டிவியே வாங்கிவிடலாம்.

இன்னும் 29 இன்ச் டப்பா டிவி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. போட்டவுடன் கலங்கி, அரை மணியில் தெளிந்தால் பெரும்பாலும் பிக்சர் டியூப் சாக்கெட்டில் ஈரம் ஏறியிருக்கிறது. சாக்கெட்டை மாற்றினால் போதும். எப்போதுமே கலங்கினால் எல்ஓடி (பிக்சர் டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) மேலுள்ள ஃபோகஸ் திருகைத் திருப்ப வேண்டும். அதன் பக்கத்திலேயே ஸ்கிரீன் திருகு இருக்கும், மாற்றித் திருப்பினால் திரை வெளுத்துவிடும். உள்ளே 25,000 வோல்ட் ஓடுகிறது, அதனால் அதை மெக்கானிக் கைக்கு விட்டுவிடுங்கள்.