பம்பர் ஓட்டைகளை அடைத்து ஸ்மூத் ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

காரின் முன்பக்க பம்பரில் இருக்கிற ஓட்டைகளை எல்லாம் அடைத்து, ஒரே வழவழப்பாக ஆக்கிப் பெயிண்ட் அடித்துத் தருகிற வேலை நம் குமரி மாவட்டத்துப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. ஃபாக் லேம்ப் (பனி விளக்கு) குழி, நம்பர் பிளேட் பள்ளம், காற்று உள்ளே போகும் கீழ் கிரில் எதுவும் வெளியே தெரியாது. பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் உள்ள ஒரு பட்டறையில் இந்த வேலைக்கு 22,000 ரூபாய் கொடுத்தேன். அந்தக் காசுக்கு அவர்கள் செய்ததை எழுதுகிறேன். வழக்கு போடப் போவதால் பட்டறைப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். வண்டி மாடலைச் சொன்னாலே சுற்றுவட்டாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதுவும் வேண்டாம்.

முதலில் பேசியபோது இரண்டு விலை சொன்னார்கள். ஃபைபர் மேட் (கண்ணாடி இழைத் துணி) ஒட்டி மேலே பட்டி பூசினால் 12,000. பிளாஸ்டிக் வெல்டிங் என்றால் 22,000. "வெல்டிங்கே செய்யுங்கண்ணே. பம்பர் என்ன பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக் ராடு வச்சு உருக்கிச் சேர்ப்போம். கல்லுல இடிச்சாலும் விடாது" என்றார் பட்டறைக்காரர். ரேடியேட்டருக்குக் காற்று போகுமா என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம், ஒண்ணும் செய்யாதுண்ணே" என்றார். 10,000 அட்வான்ஸ் ஜிபே செய்தேன். நடுவில் வேலையைப் பார்க்கப் போனால், பெயிண்ட் பூத்தில் தூசு வரும் என்று உள்ளே விடவில்லை. வண்டியை எடுக்கப் போனபோது பம்பரை மாட்டி, துடைத்து, வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். மீதிப் பணத்துக்கு பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் 'பம்பர் ஒர்க்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே ஃபாக் லேம்ப் இருந்த இடத்தில் நீள்வட்டமாக ஒரு கோடு பெயிண்டுக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. காலையில் மங்கலாக இருக்கும், மத்தியான வெயிலில் நன்றாகத் தெரியும். போய்க் காட்டினேன். "வெயிலு கொண்டா எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" என்று பாலிஷ் போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அந்தக் கோடு விரிசலாயிற்று.

ஏசி அடுத்த தொல்லை. பார்வதிபுரம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது குளிரும். தக்கலையில் நெரிசலில் நின்றால் வெறும் காற்றுதான் வரும். ஒரு நாள் அழகியமண்டபம் அருகே டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டி ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டேன். வந்தவர் இழுவைக் கொக்கியை மாட்ட பம்பரைத் தடவிப் பார்த்தார். கொக்கி திருகும் ஓட்டையின் மூடியையும் சேர்த்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். "இதை யாருண்ணே இப்படிச் செய்தது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் சக்கரத்துக்குப் பெல்ட் போட்டுத்தான் வண்டியை ஏற்ற முடிந்தது.

வடசேரிப் பக்கம் பம்பர் ரிப்பேர் மட்டுமே செய்கிற ஒருவரிடம் காட்டினேன். பம்பரைக் கழற்றித் திருப்பிப் போட்டதும் எல்லாம் வெளிச்சமாயிற்று. கீழ் கிரில் இருந்த இடத்தில் அலுமினியத் தகட்டை வெட்டி, பாப் ரிவெட் அடித்து, மேலே ஃபைபர் மேட் ஒட்டி, அதற்கு மேல் ஒரு விரல் கனத்துக்கு பட்டி போட்டிருந்தார்கள். ஃபாக் லேம்ப் குழிகளில் தகடுகூட இல்லை, மேட்டும் பட்டியும்தான். உருக்கிச் சேர்த்த தடம் ஓர் இடத்திலும் இல்லை. மரச்சீனிக் கிழங்கில் கத்தியால் ஒரு கீறல் போட்டு நெம்பினால் தோல் முழுசாகக் கழன்று வருமே, அப்படி அவர் விரிசலில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பியதும் மேட் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அடியில் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. ஒட்டுவதற்கு முன் ஒழுங்காக உப்புத்தாள்கூடத் தேய்க்கவில்லை.

ஏன் இப்படி விட்டுப்போகிறது என்பதை அவர் விளக்கினார். இன்றைய கார்களில் பெரும்பாலும் பம்பர் பாலிப்ரொப்பிலீன் கலவை. பின்பக்கம் அச்சு குத்தியிருக்கும்: பி.பி., இ.பி.டி.எம்., டி.டி.20 என்று. பாலிப்ரொப்பிலீனுடன் ரப்பர் கலந்து, 20 சதவீதம் டால்க் தூள் சேர்த்தது என்று அர்த்தம். இந்த பிளாஸ்டிக்கின் மேல் பசையோ பெயிண்டோ லேசில் பிடிக்காது. ஃபைபர் மேட்டுக்குத் தடவும் பாலியெஸ்டர் ரெசினும் சாதாரண பட்டியும் தகர உடம்புக்குச் சரி, இதற்குச் சரிவராது. மேலும் வெயிலில் பம்பர் விரிகிற அளவுக்கு பட்டி விரியாது. பம்பர் வளைந்து கொடுக்கும், பட்டி வளையாது. ஓட்டையின் ஓரம் கோடாகத் தெரிவதும் பிறகு வெடிப்பதும் அதனால்தான். அமெரிக்காவில் பழைய காலத்தில் கார் உடம்பின் இடுக்குகளை ஈயம் உருக்கி வார்த்து மழமழப்பாக்குவார்கள். அது உலோகத்துக்கு மேல் உலோகம். அந்த அழகை பிளாஸ்டிக் பம்பரில் கொண்டுவர வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கைத்தான் உருக்க வேண்டும்.

சரியான வேலை என்றால், அதே ரக பம்பர் உடைசலிலிருந்து துண்டு வெட்டி, ஓட்டைக்குள் பொருத்தி, ஓரத்தை 'வி' வடிவில் சீவி, பி.பி. ராடு உருக்கி இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். பின்பக்கம் ஸ்டீல் வலை பதித்தால் இன்னும் பலம். அதற்கு மேல் பிளாஸ்டிக் பிரைமர், வளைந்து கொடுக்கும் பம்பர் பட்டி, கடைசியில் பெயிண்ட். நேரம் பிடிக்கும் வேலை. பட்டறை அந்த நேரத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு மேட்டை ஒட்டி முடித்துவிட்டது. 12,000 ரூபாய் வேலையை 22,000 ரூபாய்க்கு விற்றார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பி.பி. பம்பரில் அந்த 12,000 ரூபாய் வேலையே ஆகாத வேலை.

காற்று விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழ் கிரிலுக்குப் பின்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் அதற்குப் பின் ரேடியேட்டரும் இருக்கின்றன. வண்டி நிற்கும்போது ஃபேன் முன்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கும். முன்னால் அடைத்துவிட்டால் இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றே சுற்றிச் சுற்றி வரும். டர்போ வண்டிகள் பலவற்றில் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இங்கேதான் இருக்கும். ஆகவே கீழ் கிரிலை அடைக்கலாம் என்று எந்தப் பட்டறை சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஃபாக் லேம்ப் இல்லாத மாடலில் இருக்கும் வெற்று மூடி, பின்னால் வழியே இல்லாத டம்மி ஓட்டை, இவற்றை அடைத்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. எது டம்மி என்று பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

நம்பர் பிளேட் கதை வேறு. என் வண்டி 2019 ஏப்ரலுக்குப் பிந்தையது என்பதால் ஹெச்.எஸ்.ஆர்.பி. எனப்படும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். கழற்ற முடியாத ஸ்னாப் லாக்கோடு இருந்ததை உடைத்தெடுத்து, டபுள் சைடு டேப் வைத்து ஒட்டியிருந்தார்கள். களியக்காவிளை தாண்டினால் கேரளா. மாற்றிக் கட்டிய வண்டிகளை அங்கே விடாமல் பிடிப்பார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. பம்பர் ஓட்டையை அடைப்பது இதில் வருமா என்று வாதாடலாம்தான். ஆனால் டேப் போட்டு ஒட்டிய நம்பர் பிளேட்டுக்கு வாதமே கிடையாது.

கழற்றியதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில் அது தங்கள் வேலையே இல்லை என்றார்கள். ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப்பில் "வெல்டிங் முடிஞ்சுது அண்ணே" என்று அவர்களே அனுப்பியதையும் காட்டியதும், 5,000 திருப்பித் தருகிறோம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்கள். வாங்கவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு செய்தால் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வண்டியில் இப்போது புது பம்பர், எல்லா ஓட்டைகளோடும். பெயிண்டையும் சேர்த்து அந்த 22,000-க்குக் குறைவாகவே முடிந்தது. பழையதையும் உரித்த மேட்டையும் தகட்டையும் சாட்சிக்காக வைத்திருக்கிறேன். இதே மாதிரி வேலை செய்து வாங்கியவர்கள் யாரும் கழற்றிய பம்பரைப் பட்டறையில் விட்டுவிட்டு வர வேண்டாம். பின்பக்கத்தைப் படம் எடுத்து, என்ன வேலைக்கு எவ்வளவு என்று பேசிய மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.