டிங்கியின் பத்துப் புரதங்களும் ஒரே எண்ணும்: ஒரு புரத இடைவினைத் தொகுப்புடன் நெடுநாள் அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவில் இருக்கும் தோட்டத்துக் கிராணியாரின் மகள், பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கு டிங்கியை எடுத்திருக்கிறாள். "அக்கா, வைரஸ் புரதம் எந்த மனிதப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று பார்க்க, நீங்கள் பயன்படுத்தும் தொகுப்பையே நானும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். எந்தப் புரதம் எதனோடு ஒட்டுகிறது என்று காட்டும் இடைவினைப் பதிவுகளை, ஓர் ஆய்வுக் குழுவுக்காக வீட்டிலிருந்தபடியே சரிபார்ப்பது என் வேலை. அத்தகைய பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் அந்தத் தரவுத் தொகுப்பைப் பல ஆண்டுகளாக அன்றாடம் திறக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை அதற்கு மட்டுமே உரியதன்று என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

அதற்குரிய பாராட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வரியிலும், அந்தத் தொடர்பு எந்தக் கட்டுரையில், எந்தச் சோதனை முறையால் கண்டறியப்பட்டது என்பது ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. ஈஸ்ட் உயிரணுவுக்குள் இரண்டு புரதங்களை மட்டும் சேர்த்துப் பார்க்கும் முறை, அவை ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதற்கான சான்றைத் தருகிறது. வைரஸ் புரதத்தைத் தனியே பிரித்தெடுத்து, அதனுடன் வந்தவற்றை நிறையை அளந்து மூலக்கூறுகளை இனங்காணும் நிறை நிறமாலைமானியால் அடையாளம் காணும் முறையோ, இடையில் ஒட்டிக்கொண்டு வந்த மூன்றாம் நான்காம் புரதங்களையும் சேர்த்தே காட்டும். 2020-இல் கொரோனா வைரஸின் 26 புரதங்களை மனித உயிரணுக்களில் தனித்தனியே உருவாக்கி 332 தொடர்புகளைக் கண்ட ஆய்வு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அவை அனைத்தையும் நேரடிப் பிணைப்பு என்று கருதி மருந்து தேடப் புறப்படுபவரை, சோதனை முறையைக் குறிக்கும் அந்த நெடுவரிசை நிறுத்தி யோசிக்க வைக்கும்.

ஆனால் டிங்கிக்கு வந்தால் என் பொறுமை போய்விடுகிறது. அந்த வைரஸின் புரதங்கள் முதலில் சுமார் 3,400 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளச் சங்கிலியாக உருவாகி, பின்னர் 10 தனிப் புரதங்களாக வெட்டப்படுகின்றன. அவற்றில் மூன்று வைரஸின் உடலை அமைக்கின்றன. ஏழு, தொற்றிய உயிரணுவுக்குள் வேலை செய்கின்றன. புரதங்களுக்கு அடையாள எண் தரும் பொதுத் தரவுத்தளமான யூனிப்ரோட் இந்தத் துண்டுகளுக்குத் தனித்தனி எண் கொடுத்திருக்கிறது. கட்டுரையாசிரியர்கள் எந்தத் துண்டைச் சோதித்தார்கள் என்று தெளிவாக எழுதியிருந்தும், இந்தத் தொகுப்பின் பழைய வரிகளில் பெரும்பாலும் முழுச் சங்கிலியின் எண்ணே நிற்கிறது. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி, லயத்தையும் கதவு எண்ணையும் விட்டுவிட்ட முகவரி போன்றது இது.

ஒரு வரியைக் காட்டுகிறேன். இடப்பக்கம் டிங்கி 2-ஆம் வகையின் முழுச் சங்கிலி. வலப்பக்கம் பி52630 என்ற எண்ணில் மனிதரின் ஸ்டாட்2. வைரஸ் தொற்றும்போது உடல் சுரக்கும் இண்டர்ஃபெரான் எழுப்பும் எச்சரிக்கையை உட்கருவுக்கு எடுத்துச் செல்லும் இந்த ஸ்டாட்2-ஐ அந்த ஏழு துண்டுகளில் ஒன்றான டிங்கியின் என்.எஸ்.5 பிடித்து, யூ.பி.ஆர்.4 என்ற மனிதப் புரதத்தின் துணையோடு சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. எலியின் ஸ்டாட்2-ஐ அதனால் அப்படிப் பிடிக்க முடியாது. சாதாரண ஆய்வுக்கூட எலிகளில் டிங்கி எளிதில் பெருகாததற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவு பெரிய செய்தியைத் தாங்கி நிற்கும் வரியில் என்.எஸ்.5 என்ற பெயரே இல்லை. ஸ்டிங் என்னும் மற்றொரு காவல் புரதத்தை வெட்டுவது என்.எஸ்.2பி, என்.எஸ்.3 ஆகிய வேறு இரண்டு துண்டுகள் சேர்ந்த நொதி. அதுவும் அதே சங்கிலியின் எண்ணில்தான் கிடக்கிறது. எல்லாவற்றையும் வலைப்பின்னலாக வரைந்தால், நடுவில் ஒரே பெரிய புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் கோடுகளும்தான் கிடைக்கின்றன. எதைத் தடுத்தால் எது விடுபடும் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இல்லை. திருத்தம் கேட்டு எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அண்மையில் வந்த புதிய பதிப்பிலும் அதே எண்தான் இருக்கிறது. டிங்கிக் கொசுவை ஒழிக்கப் புகையடிக்கும் சத்தம் ஓயாத ஊரில் உட்கார்ந்து இந்த வரியைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இதே தொகுப்பின் நிப்பா வரிகளைப் பார்க்கும்போதோ மனம் நிறைகிறது. 1998-இல் ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டி, நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவி, நம் மலேசியாவில் 105 பேரின் உயிரைப் பறித்த வைரஸ் அது. அதன் மரபணுக்களுள் ஒன்றிலிருந்தே வரும் பி, வி, டபிள்யூ என்ற மூன்று புரதங்களுக்கும் தனித்தனி வரிகள் இருப்பதால், வி, ஸ்டாட்2-இன் கூட்டாளியான ஸ்டாட்1-ஐ உட்கருவுக்கு வெளியிலும், டபிள்யூ உட்கருவுக்கு உள்ளேயும் பிடித்து வைப்பதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் எஃப்ரின்-பி2 என்ற மனிதப் புரதம் 2005-இல் கண்டறியப்பட்டது. அந்த வரியும் குறையின்றி இருக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் நரம்பணுக்களிலும் எஃப்ரின்-பி2 இருப்பதை அறிந்தவருக்கு, நிப்பா ஏன் மூளையைத் தாக்கியது என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும். இவ்வளவு கவனமாகப் பதியத் தெரிந்தவர்கள் டிங்கியை ஏன் இப்படி விட்டார்கள்?

ஆகவே, முறைகளைப் பதிவதில் இதைவிட ஒழுங்கான தொகுப்பை நான் கண்டதில்லை என்றாலும், தங்கச்சிக்கு நான் சொல்வது: டிங்கிக்கு இது வேண்டாம். இன்டாக்ட் என்ற மற்றோர் இடைவினைத் தொகுப்பில் தொடங்கட்டும், அங்கே கட்டுரைகளை ஆட்களே படித்துப் பதிகிறார்கள், துண்டின் எண்ணைக் குறிக்கவும் வழி இருக்கிறது. ஒரு பக்கம் டிங்கியும் மறுபக்கம் மனிதருக்குரிய 9606 என்ற இன எண்ணும் உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, துண்டின் எண் இல்லாத இடங்களில் மூலக் கட்டுரையின் சோதனை முறைப் பகுதியைப் படித்து, தனி நெடுவரிசையில் தானே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய டிங்கி வரிகளுக்காக நான் அப்படி எழுதி வைத்த கோப்பை அவளுக்கு அனுப்பிவிட்டேன். கேட்கும் மற்றவர்களுக்கும் தருவேன்.