மெயில் ஃபில்டரை எங்கே வைப்பது: வாசலிலா, பெட்டியிலா?

"தம்பி, மூன்று நாளாக ஒரு பேமெண்ட் அட்வைஸ்கூட வரவில்லையே, பேங்க் எல்லாம் லீவா?"

கணக்கு பார்க்கும் அக்கா இதைக் கேட்டபோது தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டி மளிகைச் சாமான் இறக்குமதி செய்கிற சின்ன அலுவலகம் அது. பன்னிரண்டு மெயில் பெட்டி, ஒரே சர்வர். போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை வாங்கி உள்ளே விடும், டவ்காட் அவரவர் பெட்டியில் போடும். சர்வர் என் பொறுப்பு. அந்த மூன்று நாள் தவறும் என்னுடையதுதான்.

சிங்கப்பூரின் 2007 ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விளம்பர மெயிலின் சப்ஜெக்ட் தொடக்கத்தில், கோண அடைப்புக்குறிக்குள் ஏ, டி, வி என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும் என்று நினைத்தேன். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு வரி எழுதினேன்: சப்ஜெக்டில் இந்த மூன்று எழுத்து வந்தால் தூக்கிப் போடு. கோண அடைப்பைச் சேர்க்க மறந்துவிட்டேன். போஸ்ட்ஃபிக்ஸின் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) பட்டியல், நாம் தனியாகச் சொல்லாதவரை, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது. 'அட்வைஸ்', 'அட்வான்ஸ்' இரண்டும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்தில்தான் தொடங்குகின்றன.

சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தால் பத்தொன்பது வரி. ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் முகவரி, சப்ஜெக்ட், பக்கத்தில் 'டிஸ்கார்ட்' என்ற சொல். கடிதம் எங்கும் இல்லை. அனுப்பியவர்களுக்கும் எதுவும் தெரியாது. 'வாங்கிக்கொண்டேன்' என்று பதில் சொல்லிவிட்டுத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் அதைக் குப்பையில் போடுகிறது. பத்தொன்பது பேரையும் போனில் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன்.

அன்றிலிருந்து எந்த ஃபில்டரையும் ஒரு கேள்வி வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இது தப்புப் பண்ணினால், தப்பு நடந்தது யாருக்குத் தெரியும்? வேகம், வசதி எல்லாம் அப்புறம்.

ஹெடர் செக்: ஒரு வரி போதும், ஆனால் ஒரு வரிதான்

கடிதத்தின் தலைப்பகுதி வரிகளை (ஹெடர்: அனுப்பியவர், சப்ஜெக்ட் போன்றவை) சோதிக்கும் இது, போஸ்ட்ஃபிக்ஸோடு கூடவே வருவது. தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு கோப்பில் இடப்பக்கம் ரெஜெக்ஸ், வலப்பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பது. வாசலிலேயே மறுக்கலாம், சத்தமில்லாமல் தூக்கிப் போடலாம், பிடித்து வைக்கலாம், லாகில் எழுதிவிட்டு மட்டும் விடலாம். நான் செய்திருக்க வேண்டியது கடைசியில் சொன்னது. 'வார்ன்' என்று போட்டு நான்கு நாள் லாகைப் பார்த்திருந்தால் பேமெண்ட் அட்வைஸ் மாட்டுவது கண்ணில் பட்டிருக்கும். 'ஹோல்ட்' என்று போட்டிருந்தால்கூடக் கடிதங்கள் வரிசையில் பத்திரமாக இருந்திருக்கும், எடுத்து விட்டிருக்கலாம்.

இதன் எல்லை சின்னது. ஒரு நேரத்தில் ஒரு ஹெடர் வரியைத்தான் பார்க்கும். 'அனுப்பியவர் இவர், கூடவே சப்ஜெக்டில் இது' என்று இரண்டைச் சேர்த்துச் சொல்ல வழி கிடையாது. அக்காவுக்கு ஒரு விதி, கிடங்கு அண்ணனுக்கு இன்னொரு விதி என்றும் பிரிக்க முடியாது.

நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சிக்கல் இன்னொன்று. இது ஹெடரை வந்தபடியே, குறியாக்கத்தைப் பிரிக்காமல் பார்க்கிறது.

தமிழ் சப்ஜெக்ட் பெரும்பாலும் தமிழாகப் பயணம் செய்வதில்லை. முதலில் யுடிஎஃப்-8 என்ற முறையில் பைட்டுகளாகி, பிறகு பேஸ்64 என்ற முறையில் வெறும் ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாறி வருகிறது. தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். பேஸ்64, 3 பைட்டை 4 எழுத்தாக்கும். 'மசாலா' என்பது ம, ச, கால், ல, கால் என்று 5 குறி, ஆக 20 எழுத்து. ஒவ்வொரு நான்கும் '4', 'கே' என்று தொடங்கி, மூன்றாவதாக '6' அல்லது கூட்டல் குறி வரும். கொஞ்ச நாள் பார்த்தால் கண்ணே அடையாளம் கண்டுகொள்ளும்.

சரி, அந்த 20 எழுத்தையே ரெஜெக்ஸில் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தேன். சொல்லுக்கு முன்னால் ஒரே ஓர் இடைவெளி வந்தாலும் போதும், அது ஒற்றை பைட் என்பதால் எல்லாம் ஓர் அடி தள்ளிப்போய், அதே 'மசாலா' முற்றிலும் வேறு எழுத்துகளாக வருகிறது. இரண்டு பைட் தள்ளினால் மூன்றாவது முகம். இது போதாதென்று, குறியாக்கிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது தரம். கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிதான் அடங்கும். 'ஈரோடு மஞ்சள் புதிய விலைப்பட்டியல்' என்ற சப்ஜெக்ட் நிச்சயம் மூன்று துண்டாகும், சொல் நடுவிலேயே வெட்டு விழலாம். தமிழ் மெயில் வரும் இடத்தில் ஹெடர் செக் ஏறக்குறைய குருடு. கடிதத்தின் உடலைப் பார்க்கும் 'பாடி செக்' வகையும் அப்படியே: பேஸ்64ஐப் பிரிக்காது, வரி வரியாகத்தான் பார்க்கும், இயல்பு அமைப்பில் ஒரு பகுதிக்கு முதல் 51,200 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும்.

சீவ்: சல்லடை, பெயருக்கு ஏற்றபடி

சீவ் 2001இல் தரமாக வந்து, 2008இல் ஆர்எஃப்சி 5228 என்ற தர ஆவணமாகத் திருத்தப்பட்ட, ஃபில்டர் விதி எழுதும் மொழி. டவ்காட்டில் பிஜன்ஹோல் என்ற துணை மென்பொருள் இதை ஓட்டுகிறது. கடிதம் சர்வருக்குள் வந்து, பெட்டியில் விழும் கணத்தில் இது வேலை செய்யும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் அடக்கம். அடிப்படை மொழியில் லூப் கிடையாது, வெளி நிரலைக் கூப்பிடவும் முடியாது. அதனால்தான் பயனர் கையில் பயமில்லாமல் கொடுக்க முடிகிறது. ஸ்கிரிப்ட் பாதியில் தடுக்கினால் கடிதம் இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்துவிடும், காணாமல் போகாது. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது: தப்பு நடந்தால் அது பெட்டிக்காரர் கண்முன்னே நடக்கிறது.

ஹெடரைப் பிரித்துப் படித்த பிறகுதான் ஒப்பிடும் என்பதால் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதலாம். ஸ்கிரிப்ட் கோப்பு யுடிஎஃப்-8ஆக இருந்தால் சரி. ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயிலில் மேனேஜ்சீவ் இணைப்பைச் சேர்த்து, சர்வரில் 4190 போர்ட்டைத் திறந்துவிட்டால் அவரவர் விதியை அவரவரே எழுதிக்கொள்வார்கள். அக்கா இப்போது 'ஜிஎஸ்டி' கோப்புறையைத் தானே வைத்திருக்கிறார், என்னைக் கேட்பதில்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. 'கொத்தமல்லி' என்று தேடும் விதி சில கடிதங்களில் வேலை செய்து, சிலவற்றில் செய்யவில்லை. திரையில் இரண்டும் ஒன்றேதான். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். சீவின் வழக்கமான ஒப்பீடு இவற்றைச் சமமாக எடுத்துக்கொள்ளாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே கதை. எனவே இப்படிப்பட்ட சொல்லை விதியில் இரண்டு வடிவிலும் எழுதி வைக்கிறேன்.

சீவால் முடியாதது வாசல்காவல். அதன் கைக்கு வரும்போது சர்வர் கடிதத்தை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அந்த நிலையில் மறுப்புக் கடிதம் அனுப்பினால், ஸ்பேமில் பெயர் திருடப்பட்ட யாரோ அப்பாவிக்குத்தான் அது போய்ச் சேரும்.

புரோக்மெயில் என்ற பழைய ஃபில்டரும் இதே இடத்தில் நிற்பதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம், சீவ் இருக்கிறது.

சொந்த மில்டர்: கை நீளும், வேலையும் நீளும்

மில்டர் என்பது சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் பிறந்த, வெளி நிரலை இணைக்கும் முறை. போஸ்ட்ஃபிக்ஸ் 2006இல் 2.3 பதிப்பிலிருந்து இதைப் பேசுகிறது. அனுப்புகிற சர்வர் இன்னும் லைனில் இருக்கும்போதே உங்கள் நிரலுக்குக் கடிதம் காட்டப்படும். வேண்டாம் என்றால் அங்கேயே 'மாட்டேன்' என்று சொல்லலாம். உண்மையான அனுப்புநராக இருந்தால் அவருடைய சர்வரே அவருக்குத் தகவல் சொல்லிவிடும். யாருக்கும் தெரியாமல் எதுவும் மறைவதில்லை.

பைத்தான் மொழியில் பைமில்டர் என்ற நிரலகத்தை வைத்து ஒன்று எழுதினேன். சப்ளையர் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனிலிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் மோசடிக் கடிதங்களுக்காக. நம் சப்ளையர் பட்டியலோடு டொமைனை ஒப்பிட வேண்டும். அந்த வேலை எண்பது வரியில் முடிந்தது. மீதியெல்லாம் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குப் போயிற்று: ஹெடர் இங்கும் மூல வடிவில்தான் வரும், உடல் துண்டு துண்டாக வரும், தேடும் சொல் இரண்டு துண்டுக்கு நடுவில் மாட்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

நிரல் செத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பு, 'பிறகு வா' என்று தற்காலிகமாக மறுப்பது. அதை மாற்றாதீர்கள். எதிர்ப்பக்கமும் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், இயல்பு அமைப்பில் 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனைக்காக முழுக் கடிதத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அதில் ஊழியர்களின் அடையாள அட்டை எண்ணும் சம்பள விவரமும் இருக்கும். 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அலுவலகம் சின்னது என்று விட்டுவிடாது.

மதிப்பெண் போடுகிறவை: ஸ்பேம்அசாசினும் ஆர்ஸ்பேம்டியும்

இவை ஒரு விதியை வைத்து முடிவு செய்வதில்லை, பல விதிகளின் மதிப்பெண்ணைக் கூட்டுகின்றன. ஸ்பேம்அசாசின் பெர்லில் எழுதப்பட்டது. 5 புள்ளி தொட்டால் ஸ்பேம் என்று குறிக்கும். மறுக்கும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். ஆர்ஸ்பேம்டி சி மொழியில் எழுதப்பட்டது, விதிகளை லுவா என்ற மொழியில் எழுதலாம். தானே மில்டராகவும் நிற்கும். இயல்பு எல்லைகள் 4, 6, 15. நான்கில் சற்று நேரம் காக்க வைக்கும், ஆறில் ஹெடர் சேர்க்கும், பதினைந்தில் வாசலிலேயே மறுக்கும். இரண்டுமே சப்ஜெக்டைப் பிரித்துத்தான் படிக்கின்றன. இரண்டிலும் பேய்ஸ் கற்றல் (பழைய கடிதங்களைப் பார்த்துக் கற்கும் முறை), 200 நல்ல கடிதமும் 200 ஸ்பேமும் பார்த்த பிறகுதான் வாய் திறக்கும்.

விதி எழுத எளிது ஸ்பேம்அசாசின்தான். பெயர், ரெஜெக்ஸ், மதிப்பெண், முடிந்தது. இருந்தாலும் நான் ஆர்ஸ்பேம்டி பக்கம் போனேன். காரணம், இரண்டு அறிகுறிகளைச் சேர்த்து மூன்றாவது விதி ஆக்குவது அதில் கைக்கு இதமாக இருக்கிறது, எந்தக் கடிதம் எந்த விதியில் மாட்டியது என்பது வெப் பக்கத்திலேயே தெரிகிறது. ஸ்பேம்அசாசினிலும் சேர்க்கலாம், ஆனால் வரலாற்றைப் பார்க்க லாகைத்தான் தோண்ட வேண்டும்.

ஓர் உதாரணம். 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் அனுப்பும் மின்னஞ்சல், குறுஞ்செய்திகளிலிருந்து சொடுக்கும் இணைப்புகளை எடுத்துவிட வேண்டும் என்று அறிவித்தன. ஆகவே அனுப்புநர் பெயரில் உள்ளூர் வங்கி, டொமைன் அந்த வங்கியுடையது அல்ல, உள்ளே இணைப்பு: மூன்றும் சேர்ந்தால் 8 புள்ளி. நேராக மறுப்பதில்லை. நிறுவனக் கணக்குகளுக்கு வரும் கடிதங்களுக்கு அந்த அறிவிப்பு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. என் சப்ளையர் டொமைன் சோதனையையும் லுவாவில் மாற்றி இங்கேயே சேர்த்துவிட்டேன். மில்டர் நிரலை நிறுத்தியாயிற்று. மற்ற மென்பொருள் எதுவும் தொட முடியாத உங்கள் சொந்தத் தரவு இருந்தால் ஒழிய, மில்டரை அடியிலிருந்து எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடிதத்தின் உடலில் 'எச்சரிக்கை' என்று சிவப்புப் பட்டை சேர்க்கச் சொல்லி முதலாளி கேட்டார். மறுத்துவிட்டேன். உடலைத் தொட்டால், கடிதம் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்து முறியும், அப்புறம் அந்தக் கடிதத்தை வேறு இடத்துக்குத் திருப்பினால் அங்கே போலியாகத் தெரியும். ஹெடர் மட்டும் சேர்த்து, அதைப் பார்த்து எல்லாருக்கும் பொதுவான சீவ் ஸ்கிரிப்ட் தனிக் கோப்புறையில் போடுகிறது.

ஒரே ஆள், ஒரே பெட்டி என்றால் சீவ் மட்டும் போதும், மற்றதை நினைக்கவே வேண்டாம். பத்துப் பேருக்கு மேல் போனால் வாசலில் ஆர்ஸ்பேம்டி, பெட்டியில் சீவ். ஹெடர் செக்கில் இப்போது என்னிடம் இரண்டே வரி இருக்கிறது, இரண்டும் மறுப்பு. தூக்கிப் போடும் விதி ஒன்றுகூட இல்லை.

கோண அடைப்போடு திருத்திய விளம்பர விதி ஆர்ஸ்பேம்டியில் 3 புள்ளியோடு ஓடுகிறது. புது விதி எதுவானாலும் முதல் வாரம் 0 புள்ளியில் விடுகிறேன். ஆர்ஸ்பேம்டி அப்போதும் விதியின் பெயரை வரலாற்றில் காட்டும். ஸ்பேம்அசாசினில் 0 என்று போட்டால் விதியே ஓடாது, 0.01 என்று போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவும் நானும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறோம். அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்று அதில் இருந்தால் அந்த விதி இன்னொரு வாரம் 0 புள்ளியிலேயே நிற்கும்.