வாய்மொழி வரலாறு பதிவு செய்ய ஒரு கையடக்க ஒலிப்பதிவுக் கருவி: இரண்டு கோடைக்குப் பின் மதிப்பீடு

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முதுமலை ஓரத்துக் குடியிருப்புகளிலும், காட்டுத்தீ அணைக்கப் போகும் வாட்சர்களும் (வனத்துறையின் காவல் பணியாளர்கள்) ஊர்ப் பிரச்சினைகளுக்காக முன்னின்று போராடிய பெண்களும் தம் வாயால் சொல்வதைப் பதிவு செய்து சேர்த்து வைக்கும் வேலையை நண்பர்கள் மூவராகச் செய்து வருகிறோம். இதற்கென்று கோயம்புத்தூரில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றியது இந்த மதிப்பீடு. உள்ளங்கையில் அடங்கி, தலையில் இரண்டு மைக்குகளோடு இருக்கும் இதே வடிவத்தை நான்கைந்து நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றின் குணமும் குறையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இணையத்தில் கிடைக்கும் மதிப்பீடுகள் பெரும்பாலும் பாட்டுக்காரர்களுக்கும் வீடியோ எடுப்பவர்களுக்கும் எழுதப்பட்டவை. காற்றடிக்கும் மேட்டில் மெல்லப் பேசும் ஒரு பெரியவரின் குரலை இது தாங்குமா என்று அவற்றில் ஒருவரும் சொல்லவில்லை.

அடிப்படை விவரங்கள் சுருக்கமாக. இரண்டு சிறு பென்சில் பேட்டரி, 32 ஜிபி மெமரி கார்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். ஆக ஒரு கார்டில் 30 மணி நேரம் அடங்கும். எம்பி3 ஆகப் பதிந்தால் இடம் பெருமளவு மிச்சமாகும்; ஆனால் ஒரு முறைதான் கிடைக்கும் குரலை, இடத்தைச் சேமிக்க வேண்டும் என்பதற்காக நசுக்கி வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கருவி முதலில் சோதனைக்கு உள்ளானது தீயணைப்பாளர்களிடம்தான். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிப்போகும் புல்தான் அடுத்து வரும் மாதங்களில் தீக்கு இரை. கீழ்ச்சரிவில் உண்ணிச்செடிப் புதர், மேலே சீகையும் கற்பூர மரமும் பைன் சருகும் அதனோடு சேர்ந்துகொள்ளும். கோடைக்கு முன்பே பயர் லைன் வெட்டி வைப்பது (தீ தாண்டாதபடி புல்லும் புதரும் அகற்றிய பட்டை), பச்சைத் தழையால் அடித்து அணைப்பது, காற்றின் போக்குப் பார்த்து, வரும் தீக்கு இரை இல்லாமல் செய்ய முன்கூட்டியே எதிர்த்தீ வைப்பது, காற்று ஓய்ந்து ஈரம் ஏறும் இரவிலும் விடியற்காலையிலும் தீயை நெருங்குவது என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் கைவேலை. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே காடு எரிந்தபோது விமானப்படையின் ஹெலிகாப்டர் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றியது நாடெங்கும் செய்தியானது. தரையில் தழையோடு நின்றவர்கள் அந்த நாட்களை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கத்தான் நாங்கள் போனோம்.

அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவதில்லை. தீ ஏறி வந்த சரிவைக் கையால் காட்டிக்கொண்டே நடக்கிறார்கள், ‘அங்கிருந்து ஏறிச்சு தம்பி’ என்கிறார்கள். கை காட்டியது பதிவில் இல்லை; அதை நாம்தான் உடனே வாயால் சொல்லி வைக்க வேண்டும், அது கருவியின் குற்றமன்று. காற்று மட்டும் கருவியின் குற்றம். உடன் கொடுத்த மெல்லிய பஞ்சு உறை மேட்டு நிலத்துக் காற்றுக்கு எந்த வகையிலும் போதாது. முதல் மூன்று பதிவுகளில் பேச்சைவிட இரைச்சலே அதிகம். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தானைப் போட்டால் சற்றே அடங்குகிறது. தனியே வாங்கிய ரோம உறைதான் உண்மையில் காப்பாற்றியது.

அடுத்தது, என்னை இன்றுவரை உறுத்தும் குறை. பதிவுப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் கருவி தயார் நிலைக்கு மட்டும் போகிறது, சிவப்பு விளக்கு மினுக்கும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதியத் தொடங்கும், விளக்கு நிலையாக எரியும். நல்ல வெயிலில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கோடைதோறும் தீ வேலைக்குப் போன ஒருவர், காற்று திடீரென்று திரும்பியதில் உடன் வந்தவர்களோடு ஓடைக் குழியில் படுத்துக் கிடந்ததை இருபது நிமிடம் சொன்னார். மினுக்கும் விளக்கை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். வெட்கத்தோடு மறுபடி கேட்டபோது மறுக்காமல் சொன்னார். ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார். முதல் முறை சொன்னபோது குழிக்குள் யார் யார் எந்த வரிசையில் படுத்திருந்தார்கள் என்று விரல் மடக்கி எண்ணியவர், இரண்டாம் முறை ‘அஞ்சாறு பேர்’ என்று நிறுத்திக்கொண்டார். இப்போது காதில் ஹெட்போன் மாட்டி, நேரம் ஓடுகிறதா என்று திரையைப் பார்த்த பிறகே முதல் கேள்வியைக் கேட்கிறேன்.

ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதியைப் பெட்டியின் மேலேயே பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். அதை அணைத்து வையுங்கள். தீயைப் பற்றிப் பேசுபவர் நடுவில் நிறுத்தி மௌனமானால், ஏதோ ஒலி தவறிப்போகிறதே என்று கருவி தன் காதைத் தீட்டிக்கொண்டு, அந்த மௌனத்தில் சுவர்க்கோழியையும் தூரத்து லாரியையும் இழுத்து நிரப்பிவிடுகிறது. அவர் மீண்டும் பேசத் தொடங்கும் முதல் சொல் வெடித்துச் சிதறுகிறது. கையால் அளவைக் குறைத்து வைத்துவிட்டால் மௌனம் மௌனமாகவே பதிகிறது.

பெண்களிடம் பதிந்தபோது சிக்கல் வேறு மாதிரி. அவர்கள் தனியாகப் பேச இசைவதில்லை. ஒருவரைப் பார்க்கப் போனால் நால்வர் வந்து உட்காருகிறார்கள், ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் திருத்துகிறார். 2023-இல் பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நடந்த போராட்டம், ஊருக்குள் வந்த மதுக்கடை, தண்ணீர் என்று பேச்சு தாவுகிறது. காட்டு நிலத்தின் மேல் ஊர்க்காரர்கள் கோரும் உரிமைகளைச் சரிபார்க்க, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அமைக்கப்படும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியால் உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள், முதல் கூட்டத்தில் வாய் திறக்கத் தாங்கள் பட்ட பாட்டை ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொல்லிச் சிரித்தபோது இந்தக் கருவி என்னை வியக்க வைத்தது. இடமும் வலமும் பிரித்துப் பதியும் இரட்டை மைக்கின் பயன் அன்றைக்குத்தான் தெரிந்தது: நடுவில் ஒரு மணையின் மேல் வைத்துவிட்டால், ஒரே நேரத்தில் பேசினாலும் எந்தப் பக்கத்துக் குரல் யாருடையது என்று பின்னால் பிரித்தறிய முடிகிறது. கைப்பேசியில் பதிந்திருந்தால் அத்தனையும் ஒரே கூச்சலாகக் குழைந்திருக்கும். தகரக் கூரையில் மழை இறங்கினால் மட்டும் எந்த மைக்கும் எதுவும் செய்ய முடியாது. பேச்சை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.

வாட்சர்களில் தற்காலிக வேலையில் இருப்பவர்கள் அதிகாரிகளைப் பற்றிச் சொல்லும்போது ‘இதை மட்டும் விட்டுடுங்க’ என்பது வழக்கம். இடைநிறுத்தும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பது அதனால் பெரிய வசதி. நிறுத்திவிட்டேன் என்பதை விளக்கைக் காட்டி அவர்களுக்கு மெய்ப்பிக்கவும் முடிகிறது. ஏற்கெனவே பதிந்துவிட்ட கோப்பின் நடுவில் ஒரு பகுதியைக் கருவியிலேயே வெட்ட வழியில்லை, கணினிக்குத்தான் போக வேண்டும். பெயரும் சம்மதமும் பதிவின் முதல் நிமிடத்திலேயே அவரவர் குரலில் இருக்கட்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கருவி கோப்புகளுக்கு வெறும் எண் வைப்பதால் அது இரட்டைப் பயன் தருகிறது.

பேட்டரி பத்து மணி நேரம் வரும் என்கிறது கையேடு. ஜனவரிக் காலைக் குளிரில் நான்கைத் தாண்டியதில்லை. சட்டைப் பைக்குள் சூடாக வைத்திருந்த மாற்று பேட்டரி இல்லாமல் வெளியே போகக் கூடாது. மூடுபனியில் நனைந்தபோது ஒரு முறை திரை மங்கியது, அரிசி டப்பாவில் ஓர் இரவு வைத்ததும் சரியானது.

இவ்வளவு குறைகளோடும் இரண்டாவதாக அதே கருவியையே வாங்கியிருக்கிறோம், ஏனென்றால் இந்த விலையில் இரட்டை மைக்கும் கையால் சுழற்றும் அளவுச் சக்கரமும் ஒன்றாகக் கிடைப்பது இதில்தான். தனியொருவரை வீட்டுக்குள் வைத்துப் பதிவது மட்டுமே உங்கள் வேலையென்றால் கைப்பேசியில் மாட்டும் காலர் மைக் போதும், செலவும் பாதி. காட்டோரம் போகிறவர்கள் கருவியின் விலையோடு ரோம உறைக்கு எண்ணூறு ரூபாயும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் அது வேண்டாம் என்றுதான் சொல்வார்.